தச்சுப் பட்டறை பிளாஸ்டிக் கம்பெனியான கதை

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே சுருக்கப்பட்டது.)



"அண்ணே, நீங்க இவ்வளவு வருஷமா பிளாஸ்டிக் மோல்டிங் பட்டறை வச்சிருக்கீங்க, உங்க அனுபவத்தைப் பேசுங்க" என்று செயலாளர் கேட்டார். என் அனுபவம் குடத்துக்கு மூடி போட்ட அனுபவம். பத்து நிமிஷத்தில் தீர்ந்துவிடும். ஆகவே வேறொரு குடும்பத்தின் பிளாஸ்டிக் கம்பெனியைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த அரங்கத்தில் அப்பாவின் தொழிலை எடுத்து நடத்துகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நடத்த மாட்டேன் என்று வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் மாணவர்களும் இருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் இந்தக் கதையில் விஷயம் உண்டு.

டென்மார்க் நாட்டில் பில்லுண்ட் என்று ஒரு ஊர். நூறு வருஷத்துக்கு முன்பு அது வெறும் பட்டிக்காடு. அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1916-ல் ஒரு பட்டறையை வாங்கினார். வீடு கட்டுவது, கதவு ஜன்னல் செய்வது, மேசை நாற்காலி செய்வது அவர் தொழில். 1924-ல் அவருடைய சின்னப் பையன்கள் இரண்டு பேர் பட்டறையில் விளையாடப் போய், மரச்சீவலில் தீப்பிடித்துப் பட்டறையும் வீடும் எரிந்துபோயின. மனுஷர் மறுபடி கட்டினார். பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விவசாயிக்குக் காசில்லை, விவசாயிக்குக் காசில்லாவிட்டால் தச்சருக்கு வேலையில்லை. இதை நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1932-ல் அவர் மனைவியும் இறந்துபோனார். வீட்டில் நான்கு பையன்கள். கையில் இருந்த மரத்தை வைத்துச் சின்னச் சின்னச் சாமான்கள் செய்ய ஆரம்பித்தார். ஏணி, இஸ்திரிப் பலகை, அதோடு மரப் பொம்மைகள்.

பொம்மைக்கும் காசு கொடுக்க ஆளில்லை. அந்தச் சமயம் யோ-யோ என்ற விளையாட்டுச் சாமானுக்குத் திடீரென்று ஒரு மோகம் வந்தது. இவர் மூட்டை மூட்டையாகச் செய்து வைத்தார். மோகம் வந்த வேகத்தில் போய்விட்டது, சரக்கு தேங்கிவிட்டது. என்ன செய்தார் தெரியுமா? யோ-யோவை இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக மாட்டி விற்றார். நம் பட்டறைகளில் 'ரிஜெக்ட்' சரக்கை அரைத்து மறுபடி ஹாப்பரில் போடுகிறோமே, அந்தப் புத்திதான்.

1934-ல் கம்பெனிக்குப் பேர் வைத்தார். டேனிஷ் மொழியில் 'லெக் கோட்' என்றால் 'நன்றாக விளையாடு' என்று பொருள். இரண்டையும் ஒட்டி 'லெகோ' என்றார். ஆமாம், நம் பேரக்குழந்தைகள் வீட்டில் இறைத்து வைத்து, இருட்டில் நாம் காலில் மிதித்துக் கத்துகிறோமே, அந்த லெகோதான்.

இந்தக் கம்பெனியின் ஆட்கள் அடிக்கடி சொல்லும் கதை ஒன்று. மூன்றாவது மகன் கோட்ஃப்ரெட் சிறுவயதிலேயே பட்டறைக்கு வந்துவிட்டவர். ஒரு நாள் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னாராம்: "இன்னிக்குக் கம்பெனிக்குக் காசு மிச்சம் பண்ணிட்டேன்பா. வாத்துப் பொம்மைக்கு மூணு கோட்டு வார்னிஷுக்குப் பதிலா ரெண்டு கோட்டுதான் அடிச்சேன்." அப்பா கேட்டார், "பெட்டி எங்கே?" "ரயில்வே ஸ்டேஷனுக்குப் போயாச்சு." "போ. போய்த் திருப்பி எடுத்துட்டு வா. மூணாவது கோட்டு அடிச்சு, மறுபடி பெட்டி கட்டிக் கொண்டுபோய்ச் சேர்த்துட்டு வா. ராத்திரி முழுக்க ஆனாலும் நீயே தனியாப் பண்ணு." அந்தப் பையன் பிறகு, அப்பா சொல்லும் வாசகத்தை மரத்தில் செதுக்கிப் பட்டறைச் சுவரில் மாட்டினார். சிறந்ததைவிடக் குறைந்தது எதுவும் போதாது என்பது அதன் கருத்து.

1942-ல் பட்டறை மீண்டும் எரிந்தது. மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் போச்சு. மறுபடியும் கட்டினார்கள். தச்சு வேலைக்காரர் வீட்டுக் கதையில் தீ ஒரு பாத்திரம் மாதிரி வந்துகொண்டே இருக்கும். இன்னொரு தடவையும் வரப்போகிறது.

இப்போது பிளாஸ்டிக்குக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946-ல், ஓலே கிர்க் இங்கிலாந்தில் செய்த ஓர் இன்ஜெக்ஷன் மோல்டிங் மெஷினுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை சுமார் 30,000 குரோனர். அந்தச் சின்னக் கம்பெனிக்கு அது யானை விலை. மரத்தில் கைதேர்ந்த மனுஷர், வயது 55, தனக்கு ஒன்றும் தெரியாத ஒரு பொருளில் இவ்வளவு பணத்தைக் கொட்டுகிறார். வீட்டிலேயே முணுமுணுப்பு இருந்தது என்று சொல்வார்கள். இருக்காதா பின்னே? நான் முதல் மெஷினுக்கு பேங்கில் கடன் வாங்கியபோது எங்கள் வீட்டில் மூன்று நாள் சரியாகச் சமையல் நடக்கவில்லை.

மெஷின் விற்க வந்தவர்கள், இந்த மெஷினில் என்னென்ன செய்யலாம் என்று காட்டக் கொண்டுவந்த மாதிரிகளில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கட்டை இருந்தது. மேலே குமிழ், அடியில் குழிவு. ஒன்றின்மேல் ஒன்றாகச் செருகலாம். அது இங்கிலாந்தில் ஹிலரி ஃபிஷர் பேஜ் என்பவர் 'கிட்டிகிராஃப்ட்' என்ற தம் கம்பெனிக்காக உருவாக்கிய கட்டை. அதற்கு அவர் இங்கிலாந்தில் பேட்டன்ட்டும் வாங்கியிருந்தார். ஆனால் டென்மார்க்கில் பதிவு செய்யவில்லை. லெகோக்காரர்கள் அதைப் பார்த்து, அளவைக் கொஞ்சம் மாற்றி, 1949-ல் தாங்களும் கட்டை போட ஆரம்பித்தார்கள்.

இந்த இடத்தை நான் வேண்டுமென்றே நிறுத்திச் சொல்கிறேன். உலகமே கொண்டாடும் கம்பெனி, முதலில் செய்தது நகல். பேஜ் 1957-ல் இறந்துபோனார். டென்மார்க்கில் தன் கட்டையைப் போல ஒன்று விற்கிறது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது என்றே சொல்லப்படுகிறது. வெகுகாலம் கழித்து, 1981-ல், லெகோ கம்பெனி கிட்டிகிராஃப்டிடமிருந்து அந்தக் கட்டைக்கான உரிமையை விலைகொடுத்து வாங்கிக்கொண்டது. சட்டப்படி தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எனக்கு அந்தப் பேஜ் என்கிற மனுஷரை நினைத்தால் சங்கடமாகத்தான் இருக்கும். நம் தொழிற்பேட்டைகளில் பார்ட்டி ஒரு சாமானைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "சார், இதே மாதிரி ஒரு டை போட்டுக் குடுங்க, ஆனா இதே மாதிரி இருக்கக்கூடாது" என்பார். நம் தொழிலில் பாதிப் பேர் சோறு தின்பது அந்த வாக்கியத்தில்தான். ஆகவே யாரும் யாரையும் பார்த்துச் சிரிப்பதற்கில்லை.

நகல் அடித்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது. 1949-ல் வந்த கட்டை உள்ளே வெறும் கூடு. மேலே செருகினால் உட்காரும். லேசாகத் தட்டினால் கழன்றுவிடும். விற்பனையும் சுமார்தான். 1954-ல் கோட்ஃப்ரெட் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது, ஒரு கடையில் பொம்மைப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் பேச்சுவாக்கில், "இந்தப் பொம்மைத் தொழிலில் எதற்கும் எதற்கும் சம்பந்தமே இல்லை, ஒரு முறையே இல்லை" என்று அலுத்துக்கொண்டாராம். கோட்ஃப்ரெட் இதைப் பிடித்துக்கொண்டார். தன் கம்பெனி செய்த சாமான்களை எல்லாம் பரப்பி வைத்து, எது ஒன்றோடொன்று சேர்ந்து வளரக்கூடியது என்று பார்த்தார். இந்தக் கட்டைதான் மிஞ்சியது. 1955-ல் அதை ஒரு முறையாக, வீடு, தெரு, மரம், வண்டி என்று எல்லாம் சேரும்படி விற்க ஆரம்பித்தார்.

ஆனால் கழன்று விழும் கட்டையை வைத்துக்கொண்டு என்ன முறை? 1958 ஜனவரியில் ஜெர்மனியிலிருந்து புகார் வந்தது, கட்டிய பொம்மை நிற்கவில்லை என்று. கோட்ஃப்ரெட்டும் அவருடைய ஆட்களும் உட்கார்ந்து யோசித்துக் கட்டையின் வயிற்றுக்குள் குழாய்களை வைத்தார்கள். 1958 ஜனவரி 28-ஆம் தேதி மதியம் 1.58 மணிக்குக் கோபன்ஹேகனில் பேட்டன்ட் மனு பதிவானது. குழாய் மட்டுமல்ல, பிடிப்புக் கொடுக்கக்கூடிய வேறு வழிகளையும் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், பிறகு யாரும் பக்கத்து வாசல் வழியாக நுழையக்கூடாது என்று! பேஜுக்கு நடந்தது தமக்கு நடக்கக்கூடாது என்ற எச்சரிக்கை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

இயந்திரவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இங்கே ஒரு சின்னக் கணக்கு. குமிழுக்குக் குமிழ் நடு இடைவெளி 8 மி.மீ. குமிழின் விட்டம் 4.8 மி.மீ. நான்கு குமிழ்கள் ஒரு சதுரமாக நிற்கும்போது எதிர்மூலைகளுக்கு இடைத்தூரம் 8-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 11.31 மி.மீ. அதில் ஒரு குமிழின் விட்டத்தைக் கழியுங்கள்: 6.51 மி.மீ. குழாயின் வெளிவிட்டம் அதுதான். நான்கு குமிழ்களின் நடுவே குழாய் போய் நெருக்கி உட்காரும். சுவரும் வெளியிலிருந்து பிடிக்கும். மூன்று வயதுக் குழந்தை பிடுங்கினால் வரவேண்டும், தானாகக் கழலக்கூடாது. அந்தப் பிடிப்பு எத்தனை நுண்ணிய இடைவெளியில் இருக்கிறது என்று பாருங்கள். அவர்களுடைய டையின் துல்லியம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு என்று சொல்கிறார்கள். நாங்கள் குடத்து மூடிக்கு அரை மில்லி விட்டுக்கொடுத்துவிட்டு, "தட்டினா உக்காந்துரும் சார்" என்போம்.

டை மட்டும் துல்லியமாக இருந்தால் போதாது, பிளாஸ்டிக் ஒத்துழைக்க வேண்டும். முதல் கட்டைகள் செல்லுலோஸ் அசிடேட்டில் செய்தவை. அது ஈரத்தை உறிஞ்சும், நாளாக ஆக வளையும். வளைந்த கட்டை புதுக் கட்டையோடு சேராது. 1963-ல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். அது கெட்டி, பளபளப்பு, அளவு மாறாமல் நிற்கும். அதனால்தான் அந்தக் காலத்து ஏ.பி.எஸ். கட்டையை எடுத்து இன்றைக்கு வாங்கிய கட்டையோடு செருகலாம். குருணையைக் காயவைத்து, சுமார் 230 டிகிரிக்கு உருக்கி, அழுத்தத்தில் டைக்குள் செலுத்தி, சில நொடி ஆறவிட்டுத் தள்ளினால் கட்டை. காயவைக்காமல் போட்டால் மேலே வெள்ளி வரி விழும். பிளாஸ்டிக் பட்டறைக்காரர்கள் எல்லோரும் இப்போது தலையாட்டுகிறீர்கள். கட்டையின் உள்ளே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் எந்த டை, டையில் எந்தக் குழி என்று எண் இருக்கும். ஒரு கட்டை சரியில்லை என்றால் எந்தக் குழியில் பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம்.

பேட்டன்ட் மனு கொடுத்த 1958-லேயே, மார்ச் மாதம், ஓலே கிர்க் காலமானார். பொறுப்பு கோட்ஃப்ரெட் தலையில். இரண்டு வருஷம் கழித்து, நான் முன்பு சொன்ன அந்தத் தீ மறுபடி வந்தது. 1960-ல் மரப் பொம்மைக் கிடங்கு எரிந்துபோனது. கோட்ஃப்ரெட் ஒரு முடிவு எடுத்தார்: இனி மரமே வேண்டாம், பிளாஸ்டிக் கட்டை ஒன்றுதான்.

குடும்பத் தொழில் நடத்துகிறவர்களே, இங்கேதான் கவனியுங்கள். கூட இருந்த சகோதரர்கள் இரண்டு பேர், கார்ல் கியோர்க், கெர்ஹார்ட், இதற்கு ஒப்பவில்லை. அப்பா தொட்ட தொழில் மரம். அவர் போய் இரண்டு வருஷம்தான் ஆகிறது. ஊரெல்லாம் தெரிந்த பேர் மரத்தில் வாங்கிய பேர். அதை விட்டுவிடுவதா? சண்டை எப்படி நடந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று தெரியும். கடைசியில் 1961-ல் கோட்ஃப்ரெட் அவர்களுடைய பங்குகளை விலைகொடுத்து வாங்கிக்கொண்டார். அவர்கள் வெளியே போய்த் தனியாகத் தொழில் தொடங்கினார்கள். வியாபாரக் கணக்கில் கோட்ஃப்ரெட் செய்தது சரி என்று இன்று எல்லோரும் சொல்லலாம். 1961-ல் நான் அந்த வீட்டில் நாலாவது ஆளாக இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பேன் என்று சொல்ல முடியவில்லை.

அதன்பிறகு இருபத்தைந்து முப்பது வருஷம் ஏறுமுகம். அதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காகப் போட்ட விமானத் தளம் 1964-ல் பில்லுண்ட் விமான நிலையமே ஆகிவிட்டது. 1968-ல் லெகோலேண்ட் பூங்கா. 1969-ல் சின்னக் குழந்தைகளுக்குப் பெரிய கட்டை, 1978-ல் சிரிக்கும் அந்த மஞ்சள் முகக் குட்டி மனிதன். 1979-ல் மூன்றாம் தலைமுறை, கோட்ஃப்ரெட்டின் மகன் கெல், தலைமைக்கு வந்தார். சின்ன வயதில் கட்டைப் பெட்டியின் மேல்படத்தில் சிரித்துக்கொண்டிருந்த பையன் அவர்தான். எட்டுக் குமிழ்க் கட்டை ஆறு இருந்தால், ஒரே நிறத்தில், 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாம் என்று ஒரு கணித ஆசிரியர் கணக்கிட்டிருக்கிறார். விற்பனைக்கு இதைவிட நல்ல விளம்பரம் வேறென்ன வேண்டும்?

பேட்டன்ட் எத்தனை நாள் காக்கும்? காலம் முடிந்தது, போட்டிக் கம்பெனிகள் அதே அளவில் கட்டை போட ஆரம்பித்தன. இவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். கனடாவின் உச்ச நீதிமன்றம் 2005-லும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010-லும் ஒரே மாதிரிதான் சொல்லின: கட்டையின் வடிவம் ஒரு தொழில்நுட்பம், அதை வணிகச் சின்னமாக நிரந்தரமாகப் பூட்டி வைக்க முடியாது. பேஜ் உயிரோடு இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

இதற்கிடையில் பெரிய கண்டம் ஒன்று. 1990-களில் வீடியோ கேம் வந்தது. பயந்துபோய்க் கம்பெனி எல்லாவற்றிலும் கை வைத்தது. நாட்டுக்கு நாடு பூங்கா, துணிமணி, கைக்கடிகாரம், டிவி தொடர். கட்டை வகைகள் 2004 வாக்கில் 12,000-ஐத் தாண்டிவிட்டன. ஒவ்வொரு புது வடிவத்துக்கும் ஒரு டை. டை என்றால் செலவு என்ன என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். ஒரு பொம்மையில் மட்டும் வரும் ஒரு துண்டுக்காக ஒரு டை வெட்டி, அலமாரியில் வைத்து, எண்ணெய் தடவிக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். 1998-ல் முதல் நஷ்டம். 2003-ல் விற்பனை கால் பங்குக்கு மேல் விழுந்தது. 2004-ல் நிகர நஷ்டம் சுமார் 190 கோடி குரோனர். கம்பெனி பிழைக்குமா என்பதே சந்தேகம்.

கெல் அப்போது செய்த காரியத்தை நான் மிகவும் மதிக்கிறேன். தன் சொந்தப் பணத்தில் 80 கோடி குரோனரைக் கம்பெனிக்குள் போட்டார். போட்டுவிட்டு, தலைமைப் பதவியிலிருந்து இறங்கினார். 2004 அக்டோபரில் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத, 35 வயது நிரம்பிய யோர்கன் விக் நுட்ஸ்டார்ப்பை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். பணத்தைப் போடுகிறவர் நாற்காலியை இன்னும் இறுக்கிப் பிடிப்பதுதான் நம் வழக்கம்.

புதியவர் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தார். கட்டை வகைகளைப் பாதியாக வெட்டினார். நிறங்களைக் குறைத்தார். லெகோலேண்ட் பூங்காக்கள் 2005-ல் விற்கப்பட்டன. ஆட்குறைப்பும் நடந்தது, பில்லுண்ட் மாதிரி ஒரே கம்பெனியை நம்பிய ஊரில் அது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். உற்பத்தியில் பெரும்பகுதியை 2006-ல் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் ஒப்பந்த உற்பத்திக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். செலவு குறையும் என்று கணக்கு. ஆனால் ஆயிரத்தில் ஐந்து மில்லி துல்லியத்தை இன்னொருவர் கையில் கொடுப்பது லேசில்லை. அதோடு பொம்மை விற்பனையில் பாதிக்கு மேல் கிறிஸ்துமஸை ஒட்டி; எது விற்கும் என்று முன்கூட்டித் தெரியாது; மெஷினும் டையும் தன் கையில் இருந்தால்தான் ராத்திரியோடு ராத்திரியாக டையை மாற்ற முடியும். 2008-ல் அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு உற்பத்தியைத் தங்கள் வசமே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஜாப் ஒர்க் கொடுக்கிறவர்களும் எடுக்கிறவர்களும் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது மலரில் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

2024-ல் அவர்கள் விற்பனை 7,430 கோடி குரோனர். கம்பெனியில் 75 சதவீதம் இன்னும் அந்தக் குடும்பத்திடம், மீதி 25 சதவீதம் ஓர் அறக்கட்டளையிடம். பங்குச் சந்தைக்கு வரவே இல்லை. நாலாம் தலைமுறையைச் சேர்ந்த தாமஸ் 2020-ல் இயக்குநர் குழுத் தலைவரானார். அன்றாட நிர்வாகம் வெளியாளிடம். 2017-ல் சில மாதம் அந்த நிர்வாகத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் இந்திய வம்சாவளியைச் சேர்ந்த பாலி பட்டா. டென்மார்க்காரர் அல்லாத முதல் ஆள் அவர்தான்.

கடைசியாக, மாணவர்கள் பக்கம் ஒரு வார்த்தை. "பிளாஸ்டிக்கை ஒழிக்கணும்னு சொல்ற காலத்துல இந்தக் கதை எதுக்கு சார்?" என்று தேநீர் இடைவேளையில் ஒரு தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. கரும்பிலிருந்து எடுத்த பாலிதீனில் செடி, மரம் மாதிரி மெதுவான துண்டுகளை 2018-ல் அவர்கள் செய்ய ஆரம்பித்தார்கள். கெட்டிக் கட்டைக்கு அது ஆகாது. பழைய தண்ணீர் பாட்டிலை உருக்கிக் கட்டை செய்யலாம் என்று 2021-ல் மாதிரி காட்டினார்கள். 2023-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். பாட்டில் பிளாஸ்டிக்கை ஏ.பி.எஸ். மாதிரி கெட்டியாக்க வேறு சேர்மானம் வேண்டும், தொழிற்சாலையையே மாற்ற வேண்டும், மொத்தத்தில் கார்பன் குறையாது, கூடும் என்று கணக்கு வந்தது. குழாய்க் கட்டை வந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியும், நாலு குமிழுக்கு நடுவே இறுக்கி உட்காரும் 6.51 மி.மீ. குழாய்க்கு மாற்றுப் பொருள் கிடைக்கவில்லை. கிண்டியில் 1968-ல் தொடங்கிய சிப்பெட் மாதிரி நிறுவனங்கள் நம் வாசலிலேயே இருக்கின்றன. இந்தக் கல்லூரியில் பாலிமர் படிக்கிற யாராவது அந்தக் கணக்கைக் கையில் எடுத்தால், டை வெட்டிக் கொடுக்க நான் தயார். கூலி பிறகு பேசிக்கொள்ளலாம்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது, தலைவரும் சீட்டு அனுப்பிவிட்டார்.